கார்டன் ஹவுஸும் உங்கள் கரணையும்
கடலூர், சிதம்பரம் வட்டாரக் கட்டடத் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடிகாடு

மேஸ்திரிகளே, கொத்தனார் அண்ணன்மாரே, சித்தாள் அக்காமாரே,

குடிகாடு, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், பெரியப்பட்டு என்று இந்தச் சிதம்பரம் சாலை நெடுக உள்ள ஊர்களிலிருந்து தினமும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடும் கரணைப் பையோடும் பஸ் ஏறுகிறவர்கள் நீங்கள். உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் பழுது பார்க்கக் கூப்பிட்டால், சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள். வீட்டுக்காரர் சொன்னாலும் சரி, கான்ட்ராக்டர் சொன்னாலும் சரி, முடியாது என்று சொல்லுங்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்த மடல்.

மஞ்சக்குப்பத்தில் கார்டன் ஹவுஸ் என்று ஒரு மாளிகை இருக்கிறது. கலெக்டர் பங்களா என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி க்ளைவ் இருந்த வீடு என்று கடலூரில் சொல்லாதவர் இல்லை. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்று எழுதிக்கொண்டார்கள். ஆளுநர் வந்து தங்குவதற்குக் கோட்டைக்கு வெளியே ஒரு தோட்டமும் வீடும் அமைத்தார்கள்; அதுதான் கார்டன் ஹவுஸ். 1746 செப்டம்பரில் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது க்ளைவ் தப்பி வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அதன் பிறகு 1752 வரை கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடமே தேவனாம்பட்டினம்தான், சென்னை அல்ல. அதே 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றைத் தாண்டி வந்து, இந்தத் தோட்ட வீட்டு மதிலுக்குள் இறங்கி அடுப்பு மூட்டியது. ஆற்காட்டு நவாபின் பிள்ளைகள் குதிரைப் படையோடு வருகிறார்கள் என்றதும் போட்டது போட்டபடி ஆற்றைக் கடந்து ஓடியது. 1756ல் க்ளைவ் இதே கோட்டைக்குத் துணை ஆளுநராக வந்து, சில மாதத்திலேயே வங்காளத்துக்குக் கப்பலேறினார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். இன்றைக்கு தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் பக்கம் போனால் சிதைந்த சில சுவர்கள்தான் மிச்சம்.

வரலாற்றை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் பேச வந்தது அந்த மாளிகையின் கூரையைப் பற்றி. கார்டன் ஹவுஸின் மேற்கூரை இரும்பும் இல்லாமல் மரமும் இல்லாமல், வெறும் செங்கல்லும் நீற்றிய சுண்ணாம்பும் மட்டுமே கொண்டு கட்டியது. கம்பி கட்டாமல், உத்திரம் போடாமல் ஒரு கூரை நிற்கிறது என்றால் அதன் கணக்கு என்ன என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. படுக்கையாக நீட்டி வைத்தால் தன் பாரத்திலேயே விரிசல் விட்டு விழும். வளைத்துக் கட்டினால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கம் கடைசியில் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். தள்ளுகிறதைத் தாங்கத்தான் அவ்வளவு அகலச் சுவர். பழைய பங்களாக்களைப் பார்த்து, எதற்கு இத்தனை கனம், கல்லை வீணடித்திருக்கிறார்களே என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சென்னைக் கோட்டைக்குள் 1680ல் திறந்த செயின்ட் மேரி தேவாலயமும் இதே கணக்குதான். குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று இரண்டடிக் கனத்தில் செங்கல் வளைவாகவே கூரை கட்டினார்கள். 1758, 59ல் பிரெஞ்சுக்காரர் முற்றுகை போட்டுச் சுட்ட பிறகும் அது நின்றது.

க்ளைவ் பெயரைக் கேட்டதும் இது வெள்ளைக்காரன் வீடு, நமக்கென்ன என்று சிலருக்குத் தோன்றும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த மதிலுக்குள் நம் ஊர்ப் பணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை மறந்துவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சுவரைக் கட்டியது யார்? கல்லறுத்தது இந்த ஆற்று வண்டலில். சுண்ணாம்பு வந்தது இந்தக் கடற்கரைக் கிளிஞ்சலிலிருந்து. கரணை பிடித்தது உங்கள் பாட்டன் முப்பாட்டன் கை. வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது வரைபடமும் அளவும்.

அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. 1714லிருந்து 1830 வரை இங்கிலாந்தை ஆண்ட நான்கு ராஜாக்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அந்தக் காலத்துக் கட்டடங்களை ஜார்ஜியன் பாணி என்கிறார்கள். லண்டனில் அந்தப் பாணி வீடு என்றால், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் செங்கல் மாடி வீடு. முகப்பு குறுகல், உள்நீளம் அதிகம். கீழ்த்தளத்துக்கு மேல் உள்ள தளத்தில் ஜன்னல் நல்ல உயரம். மேலே போகப் போக ஜன்னல் சின்னதாகும். வாசலும் ஜன்னலும் இடம் வலம் பிசகாமல் ஒழுங்காக நிற்கும். அலங்காரம் அதிகம் கிடையாது, அளவுதான் அழகு. 1666ல் லண்டன் எரிந்து சாம்பலானதால், அடுத்த வருஷமே வீட்டுச் சுவர் செங்கல்லிலோ கருங்கல்லிலோதான் எழும்ப வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1709ல் இன்னொரு சட்டம், ஜன்னல் மரச்சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது, தீ தாவக் கூடாது என்று. 1774ல் வந்த சட்டம் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்து, எந்தத் தர வீட்டுக்குச் சுவர் எத்தனை கனம் என்பது வரைக்கும் எழுதி வைத்தது. ஜன்னலுக்கு வரி, 1784லிருந்து செங்கல்லுக்கும் வரி. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வரி போட்டதும், சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக அறுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வீடுகளிலும் குத்தகை வேலைக்காரரின் கைவரிசை உண்டு. முகப்பில் ஒரு நெடுக்குக் கல், ஒரு குறுக்குக் கல் என்று மாற்றி மாற்றி வைப்பதை ஃப்ளெமிஷ் பாண்ட் என்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். குறுக்குக் கல் சுவருக்குள் போய்ப் பின்வரிசையைப் பிடிக்க வேண்டும். முகப்புக்கு வாங்கும் கல் விலை கூடுதல் என்பதால், குறுக்குக் கல்லைப் பாதியாக உடைத்து வெளியே மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்கள் பலர். முன்சுவரும் பின்சுவரும் பிடிப்பில்லாமல் நின்றன. அதனால் இன்றைக்கும் லண்டனில் அந்த முகப்புகள் பல இடங்களில் வயிறு தள்ளுகின்றன. வயிறு தள்ளாமல் நிற்பவை நேர்மையாகக் கட்டியவை. அந்த நாட்டுக் கொத்தனாருக்கும் இந்த நாட்டுக் கொத்தனாருக்கும் வேலை தர்மம் ஒன்றுதான்.

அந்தப் பாணி இங்கே கப்பலேறி வந்ததும் வெயிலுக்கு ஏற்ப மாறியது. ஒட்டி நின்ற வீடு பிரிந்து, சுற்றிலும் தோட்டம் வந்தது. முகப்பில் தூண் வைத்த தாழ்வாரம் வந்தது. லண்டனில் குளிருக்காக மூடின ஜன்னல் இங்கே காற்றுக்காகத் திறந்தது. சரிந்த ஓட்டுக் கூரைக்குப் பதில் நம் மெத்தைத் தளம் வந்தது. ஒரு நல்ல உதாரணம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. 1821ல் முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு முன்மாதிரி, லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய செயின்ட் மார்ட்டின் தேவாலயம். ஆனால் எழும்பூர் மண் இளகிய மண். கட்டிய பொறியாளர் டி ஹாவிலண்ட், நம் ஊர் உறைகிணறு மாதிரி வரிசையாகக் கிணறுகளை இறக்கி அதன்மேல் அஸ்திவாரம் எழுப்பினார். வெளியே தூண் ஐரோப்பாவுடையது, அடியில் இருக்கும் அறிவு நம்முடையது.

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன். என் அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். தளம் தட்டும் வேலை என்றால் அவர் முகமே மலர்ந்துவிடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்; வாரக்கணக்கில் தொடர்ந்து வேலை இருக்கும். தேக்குக் கட்டைகளின் மேல், 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள சின்னக் கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடிப்பதில்லை. மூலையில் குட்டை வரிசையாகத் தொடங்குவதால் கல் சுவரையும் கட்டையையும் பிடித்துக்கொண்டு நிற்கும். சுண்ணாம்பு அதைக் கவ்விக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிப் பரப்புவார்கள். பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து மரத் தட்டுப் பலகையால் தட்டுவார்கள். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். தட்டுகிற சத்தம் மாறும். தொப்தொப்பென்று இருந்தது கணீரென்று ஆகும். பலகை பட்டு மேலே எழும்புகிற வரைக்கும் தட்டி, பிறகு தட்டோடு பதித்தால் தளம் முடிந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பது இந்தப் பெண்களின் கை வேலையை. எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது.

கார்டன் ஹவுஸில் கட்டைகூட இல்லாமல் செய்தார்கள் என்பதை நினைத்தால், அந்தச் சுண்ணாம்பு எவ்வளவு பக்குவமாக இருந்திருக்க வேண்டும்! கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்து மாவாக அரைத்தார்கள். அப்படி அரைத்த காரை காற்றைக் குடித்துக் குடித்து மெதுவாக மறுபடியும் கல்லாகிறது. வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். மயிரிழை விரிசல் விட்டால், மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் போய் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. சிதம்பரம் கோயில் கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அடியில் கருங்கல், அதற்கு மேல் ஏழு நிலையும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அங்கே கற்ற கைதான் இங்கே மஞ்சக்குப்பத்திலும் வேலை செய்தது.

நாம் இன்று மூட்டையில் வாங்கும் போர்ட்லண்ட் சிமெண்ட் அப்போது உலகத்திலேயே கிடையாது. அதற்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824ல். இந்தியாவில் முதல் முயற்சி 1904ல் சென்னையில் நடந்தது, அதுவும் கடல் கிளிஞ்சலை வைத்து. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆகவே கார்டன் ஹவுஸில், கட்டும்போது இந்தச் சிமெண்ட் சேர்ந்திருக்க வழியே இல்லை. இன்றைக்கு அதில் சிமெண்ட் இருக்கிறது என்றால் பிறகு யாரோ பூசியது.

பூசினால் என்ன ஆகும்? கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) தெரிந்தவர் ஒருவரின் பழைய மெத்தை வீடு. சுவர் அடியில் ஓதம் ஏறிக் காரை உதிர்ந்தது. ஆள் வைத்து இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசி மேலே பெயிண்ட் அடித்தார்கள். முதல் வருஷம் பளிச்சென்று இருந்தது. பிறகு சிமெண்ட் முடிந்த கோட்டுக்கு மேலே, இடுப்பிலிருந்து தலை உயரத்துக்கு, உப்புப் பூக்க ஆரம்பித்தது. கொத்தனார் ஒருவர் வந்து சிமெண்டைச் சுத்தியால் தட்டினார். டொக் என்று பொள்ளல் சத்தம். ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. பாளத்தின் பின்புறம் செங்கல்லின் முகமே அரை அங்குலம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் மிச்சம் இருந்த கல்லை விரலால் தேய்த்தால் சிவப்பு மாவாகக் கொட்டியது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த பழைய சுண்ணாம்பு மட்டும், உள்ளே கிளிஞ்சல் துண்டு வெள்ளையாகத் தெரிய, அப்படியே இருந்தது.

காரணம் எளிது. பழைய சுவருக்கு அடியில் ஓதத்தைத் தடுக்கும் தளம் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். உப்பு வந்தால் பூச்சில் தங்கும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூச்சை உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும்; சுவருக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தேங்குகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து, கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. சிமெண்ட் விறைப்பு, சுண்ணாம்பு இளக்கம். வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி அசைவதில்லை. மென்மையான கல்லோடு விறைப்பானதைக் கட்டினால் தேய்வது கல்தான்.

நம் பக்கத்துக் காற்றும் சாதாரணக் காற்றல்ல. கிழக்கே கடல், நடுவே உப்பனாறு, பக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை. குடிகாட்டில் இரும்பு கேட் என்ன பாடு படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகும் 2011 தானே புயலுக்குப் பிறகும் கட்டிய கான்கிரீட் வீடுகளில், கூரையில் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பிளந்துகொண்டு வெளியே தெரிவதை எத்தனை வீட்டில் பார்க்கிறோம். கம்பியே இல்லாத கூரையில் துருப்பிடிக்க எதுவும் கிடையாது. சிமெண்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புது வீட்டுக்கு அது வேண்டும். உங்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. சுண்ணாம்பால் எழும்பிய சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கவனிக்காமல் விட்டாலும் கெடும். பக்கத்தில் புதுச்சேரியில், கடற்கரையில் நின்ற மேரி கட்டடம், 1870களில் எழும்பிய நகர மண்டபம், 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. பழுது பார்க்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக இருந்தும் வேலை நடக்கவில்லை. அதே மாதிரி இன்னொன்று கட்டி நிறுத்தினார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பழைய கொத்தனாரின் கை அதில் இல்லை. சென்னையில் வேறு மாதிரி நடந்தது. சேப்பாக்கத்தில் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை போன பிறகு, பொதுப்பணித்துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. தெரிந்த ஆள் கிடைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

தெரிந்த ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான். கார்டன் ஹவுஸுக்கு நிதி ஒதுக்கலாம், பலகை வைக்கலாம், 2012ல் போட்ட பாரம்பரிய ஆணையச் சட்டத்தைக் காட்டிப் பாதுகாக்கலாம். ஆனால் நாளைக்கு அந்தக் கூரையில் ஒரு கல் தளர்ந்தால், அதே மாதிரி சுண்ணாம்பு அரைத்து, அதே வளைவில் கல்லைச் செருகத் தெரிந்த கை கடலூரில் இருக்க வேண்டும். அந்தக் கையைச் சட்டம் உண்டாக்காது. ஒரு மேஸ்திரி தன் பக்கத்தில் நிற்கிற பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. சிமெண்ட் பூச்சு என்றால் இன்று பூசி நாளை மறுவேலைக்குப் போகலாம். சுண்ணாம்பு என்றால் ஊற வேண்டும், அரைக்க வேண்டும், கோட் கோட்டாகப் பூசிக் காயவிட வேண்டும். குத்தகை ரேட்டில் எடுத்தால் கட்டுப்படி ஆகாது. அப்படியானால் குத்தகைக்கு எடுக்காதீர்கள். சுண்ணாம்பு வேலைக்கு நாள் சம்பளம், அதுவும் கூடுதல் சம்பளம் என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் குறைவு என்பதாலேயே அந்தக் கூலி உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. புதுச்சேரியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை தொடர்ந்து நடக்கிறது. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாருக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

ஒரு பழைய சுவர் முன்னால் நிற்கும்போது, முதலில் ஓர் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறமா, வெள்ளையா? உள்ளே கிளிஞ்சல் துண்டோ செங்கல் தூளோ தெரிகிறதா? வெள்ளை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சிமெண்ட் போட்டால் சில வருஷத்தில் கல் உதிரும் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பொறியாளர் சொல்வதைவிட, கரணை பிடித்த கை சொல்வதை வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள்.

உங்கள் ஊரில் தளம் தட்டிய பாட்டிகள், சுண்ணாம்பு அரைத்த தாத்தாக்கள் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் போய் உட்காருங்கள். கடுக்காய் எத்தனை நாள் ஊறியது, வெல்லம் எவ்வளவு சேர்த்தார்கள், எந்தச் சத்தம் வந்ததும் தட்டுவதை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். கேட்டதை செல்போனில் பதிவு செய்து, உங்களோடு வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குடிகாட்டிலிருந்து உங்களில் ஒருவன்